மலையேறும் மின்சைக்கிள்: போடி, கம்பம், குமுளி பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரம் முழுக்க மலை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, இந்த மூன்று பாதைகளில் எதில் ஏறினாலும் மேலே கேரளம். வீடு கீழே, ஏலத்தோட்ட வேலை மேலே என்று வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பெட்ரோல் செலவு கையைக் கடிக்க ஆரம்பித்ததும் சைக்கிளில் மோட்டார் பூட்டுவதைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை வேகம் போகும் என்பதைத்தான். நம் ஊர்ப் பாதைக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். மோட்டார் வேகாமல் ஏற வேண்டும், பிரேக் வேகாமல் இறங்க வேண்டும். வண்டியை இந்த இரண்டுக்காகத்தான் கட்ட வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நோக்கில் எழுதியவை.

போடிமெட்டு ஏற எத்தனை வாட் வேண்டும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆள் 70 கிலோ, வண்டி பேட்டரியோடு 40 கிலோ, மொத்தம் 110. போடியிலிருந்து மெட்டு வரை சுமார் 25 கிலோமீட்டர் ஓட்டம், 17 கொண்டை ஊசி வளைவு, ஏறும் உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். 110 கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்குவதற்கு மட்டும் 300 வாட் அவர் (300 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம்) ஆகும். டயர் உராய்வும் காற்றும் சேர்த்தால் சக்கரத்தில் 400க்குக் கொஞ்சம் மேலே. மோட்டாரிலும், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரிலும் சூடாகப் போவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 550 வாட் அவர் வாக்கில் எடுக்கும். 48 வோல்ட், 15 ஆம்பியர் அவர் பேட்டரியில் 720 வாட் அவர் இருக்கிறது. ஆக, ஒரு சாதாரண பேட்டரியே மேலே கொண்டுபோய் விட்டுவிடும். நீங்களும் பெடல் மிதித்தால் இன்னும் மிச்சமாகும்.

250 வாட் மோட்டார், அதோடு நீங்கள் மிதிக்கும் 75 வாட். நூற்றுக்கு ஏழு சரிவில் மணிக்கு 13 கிலோமீட்டர் வரும். சரிவு குறைந்த இடத்தில் 18, 19. இது போதாது என்பவர்கள் இருப்பார்கள். ஆனால் வியர்த்து விறுவிறுக்காமல் மெட்டு ஏறிவிடலாம் என்பதும் உண்மைதான். 500 வாட் சக்கரத்துக்குக் கிடைத்தால் அதே ஏழு சரிவில் 20ஐ நெருங்கலாம். மூவாயிரம் வாட் எதற்கு என்று கேட்டால், ஐம்பது கிலோ உர மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்து மண் பாதையில் ஏற வேண்டியவருக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சும்மா போய்வருகிறவருக்கு இல்லை.

அப்போ 3000 வாட் கிட் வாங்கி ரோட்டில் ஓட்டலாமா, அண்ணே?

கூடாது, தம்பி.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல், எந்த மின்சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மோட்டார் அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகம் வருவதற்குள் மோட்டார் படிப்படியாகக் குறைந்து நின்றுவிட வேண்டும். பெடலை நிறுத்தினாலும் நிற்க வேண்டும். பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது. சரியான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளித்தகடு வேண்டும். இவ்வளவும் இருந்தால் அது சைக்கிள். லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். இந்த விதி தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒன்றுதான்.

அதைத் தாண்டிவிட்டால் அது மோட்டார் வாகனம். பதிவு எண், இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் வந்துவிடும். சரி, பதிவு செய்துவிடலாமே என்றால் அங்கேதான் முட்டும். ஒரு வண்டி மாடல் பதிவாக வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேறியிருக்க வேண்டும். கம்பெனிகள் அதைச் செய்கின்றன. வீட்டுப் பின்புறம் கட்டிய ஒற்றை வண்டிக்கு நடைமுறையில் அந்தக் கதவு திறக்காது.

அபராதத்தை விட எனக்குப் பெரிய கவலை வேறு. பதிவில்லாத வண்டி ஒரு ஆள் மேல் மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி என்று யாரும் பின்னால் நிற்க மாட்டார்கள். நஷ்டஈட்டுத் தீர்ப்பு வந்தால் உங்கள் வீடும் நிலமும்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆளின் குடும்பத்துக்கும் கைக்கு எதுவும் வராமல் போகலாம்.

ஒரு சுவிட்ச் வைத்து ரோட்டில் 250 வாட், தோட்டத்தில் 3000 வாட் என்று மாற்றிக்கொண்டால்?

நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவது பாதுகாப்புக்கு நல்லது, அதை மறுக்கவில்லை. ஆனால் விதி பேசுவது மோட்டாரின் சக்தியைப் பற்றி. பின் சக்கரத்தின் நடுவில் தேங்காய் அகலத்துக்கு ஒரு ஹப் மோட்டாரைப் பார்த்துவிட்டு, அது சுவிட்சால் 250 ஆகிவிட்டது என்று எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

தோட்டத்துக்குள் என்றாலும் ஒன்று கவனியுங்கள். சட்டத்தில் பொது இடம் என்பது பொதுமக்கள் உரிமையோடு போய்வரும் எந்த இடமும். ஊர் ஜீப்புகள் தினமும் போகும் எஸ்டேட் பாதை தனியார் நிலத்தில் இருந்தாலும் அந்தக் கணக்கில் வந்துவிடலாம். கேட் போட்டு, முதலாளி அனுமதியோடு ஓட்டும் பாதை என்றால் பிரச்சினை இல்லை. பெரிய மோட்டார் வண்டிக்கு அதுதான் இடம்.

ஹப் மோட்டார் நல்லதா, மிட் டிரைவ் நல்லதா?

சமவெளியில் இரண்டும் சரி. மெட்டு ஏற மிட் டிரைவ்.

காரணம் சொல்கிறேன். மின் மோட்டார் அதற்குரிய சுற்றில் சுற்றினால்தான் கொடுத்த மின்சாரத்தை வேலையாக மாற்றும். மெதுவாகச் சுற்ற வைத்து அதிகம் இழுக்கச் சொன்னால் பாதி சூடாகப் போய்விடும். ஹப் மோட்டார் சக்கரத்திலேயே இருப்பதால் சக்கரம் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். மிட் டிரைவ் பெடல் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து செயின் வழியாக இழுக்கிறது. பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு கியரை மாற்றினால் வண்டி 12இல் ஊர்ந்தாலும் மோட்டார் சுகமாகச் சுற்றும். 250 வாட்டில் மெட்டு ஏறலாம் என்று மேலே சொன்னது இதை நம்பித்தான்.

அதற்கு விலை செயினும் பல்சக்கரமும். மனிதக் கால் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இழுவை அந்த மெல்லிய செயினில் போகிறது. கியர் மாற்றும்போது மோட்டாரை ஒரு நொடி விடாமல் மாற்றினால் பல் தின்றுவிடும். பையில் செயின் கழற்றும் கருவியும் ஒரு மாற்று இணைப்பும் இருக்கட்டும். நடுக்காட்டில் செயின் அறுந்தால் மோட்டாரும் இல்லை, பெடலும் இல்லை.

ஹப்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. 26 அங்குல ரிம்மில் கோக்காமல் சின்ன ரிம்மில் கோத்துக்கொள்ளுங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி மொபெட்டின் 16 அங்குல ரிம், டயர் எல்லாம் நம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சக்கரம் சிறுத்தால் அதே வேகத்துக்கு மோட்டார் அதிகச் சுற்று சுற்றும், சூடு குறையும், இழுவையும் கூடும். பஞ்சரும் சைக்கிள் டயரை விடக் குறைவு. அகலம் ஃபிரேமுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் முதலில் அளந்து பாருங்கள்.

மோட்டார் சூடாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையால் தொட்டுப் பார்ப்பது பயன்படாது. ஹப்பின் மேல் மூடி வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே செம்புச் சுருள் கொதித்துக்கொண்டிருக்கும். நடுவில் காற்று இடைவெளி இருப்பதால் உள்ளே இருக்கும் சூடு வெளியே வர நேரமாகும். சில மோட்டார்களில் உள்ளேயே வெப்ப உணரி வைத்து வரும். இல்லையென்றால் மூடியைத் திறந்து சுருளின் மேல் ஒரு பத்து கிலோ ஓம் தெர்மிஸ்டரை எபாக்சி போட்டு ஒட்டி, வயரை அச்சு வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். நூறு டிகிரியைத் தாண்டினால் ஓரங்கட்டி நிறுத்துவது என் வழக்கம். அதற்கு மேல் விட்டால் முதலில் மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார் போகும், அப்புறம் சுருளின் எனாமல், காந்தத்தின் பலமும் குறையத் தொடங்கும். காந்தம் பலம் இழந்தால் மோட்டாரே பழைய இரும்புதான்.

ஏற்றத்தில் மோட்டாரைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஹப்பில் அது தலைகீழ். த்ராட்டிலை முழுதாகத் திருகி 10இல் ஊர்வதுதான் மோட்டாரைக் கொல்லும். ஒன்று கூட மிதித்து வேகத்தைத் தூக்குங்கள், இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள்.

என் பழைய சைக்கிள் ஃபிரேமே போதுமா?

அப்பா ஓட்டிய கம்பி பிரேக் சைக்கிள் என்றால் வேண்டாம். ஃபிரேம் இரும்பு, அது திடமாகத்தான் இருக்கும். அந்த பிரேக்கை நம்பி மலை இறங்க முடியாது. டிஸ்க் பிரேக் மாட்ட இடமுள்ள இரும்பு ஃபிரேம் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) நல்லது. அலுமினியம் எடை குறைவு, ஆனால் ஹப் மோட்டாரின் அச்சைப் பிடித்திருக்கும் கொக்கிப் பகுதி விரிந்து உடையும்.

இந்த இடத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹப் மோட்டாரில் சக்கரம் முன்னே சுற்றும்போது அச்சு பின்னே சுற்றப் பார்க்கும். அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கிறார்களே, பத்து மில்லிமீட்டர் அகலத்துக்கு, அந்தத் தட்டைதான் ஃபிரேமில் உட்கார்ந்து அதைத் தடுக்கிறது. 80 நியூட்டன் மீட்டர் இழுவை கொடுக்கும் மோட்டாரில், அந்தத் தட்டையின் விளிம்பில் விழும் பாரம் 800 கிலோ அளவுக்கு வரும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது தாங்கும் வேலை இல்லை. விளிம்பு ஃபிரேமைத் தின்று, கொக்கி வாய் திறந்து, ஒருநாள் ஏற்றத்தின் நடுவில் அச்சு சுழன்றுவிடும். அச்சின் ஓட்டை வழியாகத்தான் எல்லா வயரும் வருகிறது. அவை முறுக்கி அறுந்து, ஒன்றோடொன்று தொட்டு கன்ட்ரோலரும் போகும். சக்கரமே கழன்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்குத்தான் டார்க் ஆர்ம். ஆறு மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாத எஃகுத் தகட்டில், அச்சின் தட்டைக்கு இம்மி இடைவெளி இல்லாமல் வாய் வெட்டி, மறுமுனையை ஃபிரேமில் போல்ட் போட வேண்டும். ஆயிரம் வாட்டுக்கு மேல் என்றால் இரண்டு பக்கமும். லேத் பட்டறையில் அச்சைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, அதைப் பார்த்து அரம் போடச் சொல்லுங்கள். அளவு மட்டும் எழுதிக் கொடுத்தால் கால் மில்லிமீட்டர் தளர்வு வந்துவிடும். ரீஜென் பிரேக், அதாவது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பும் பிரேக், வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தளர்வு இன்னும் ஆபத்து. இழுக்கும்போது ஒரு பக்கம், பிரேக்கில் மறு பக்கம் என்று அச்சு ஆடி ஆடி நட்டே கழன்றுவிடும்.

முன் ஃபோர்க்கில், அதுவும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில், பெரிய ஹப் வேண்டவே வேண்டாம்.

பேட்டரி எது வாங்குவது? நானே கட்டலாமா?

மலைக்கும் வீட்டுக்குள் சார்ஜ் போடுவதற்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் நல்லது. எடை கூடும், இடம் அடைக்கும். ஆனால் தப்பு நடந்தால் மற்ற லித்தியம் வகைகள் போல எளிதில் தீப்பிடிக்காது. பதினாறு செல் தொடரில் 51.2 வோல்ட், முழு சார்ஜில் 58.4. மற்ற வகையில் 13 செல் தொடர் 48 வோல்ட், முழு சார்ஜ் 54.6. சார்ஜர் இந்த வோல்ட்டுக்குச் சரியானதாக இருக்க வேண்டும். பிளக் பொருந்துகிறதே என்று ஒன்றின் சார்ஜரை மற்றதில் சொருகினால் தீப்பிடிக்கலாம்.

செல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதுதான் மூல கேள்வி. ஒரு செல் தொடர்ந்து 10 ஆம்பியர் தரும் என்றால் ஐந்தை இணையாகப் போட்டால் 50 தரும் என்று பேப்பரில் வரும். மெட்டு ஏற்றத்தில் ஒரு மணி நேரம் விடாமல் இழுக்கப் போகிறோம். அதில் பாதியை நம்பிக் கட்டுங்கள்.

கட்டுவதானால் சாலிடர் வைக்காதீர்கள், ஸ்பாட் வெல்டிங் மட்டும். நிக்கல் பட்டை சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று பாருங்கள். ஒரு துண்டை உரசிவிட்டு உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டால் இரும்பாக இருந்தால் துருப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு செல்லின் பாசிட்டிவ் முனையிலும் மின்சாரம் கடத்தாத பார்லி பேப்பர் வளையம், செல்களைக் கண்காணித்து ஆபத்தென்றால் வெட்டிவிடும் பிஎம்எஸ், பேட்டரி வாயிலேயே ஃபியூஸ். இவை மூன்றையும் விலை பார்த்து விட்டுவிடக் கூடாது.

கிலோ கணக்கில் கிடைக்கும் பழைய லேப்டாப் செல்?

டார்ச் லைட்டுக்கு ஓகே. ஆளைச் சுமந்து மலை ஏறும் வண்டிக்கு இல்லை. ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு அளவுக்குத் தேய்ந்திருக்கும். பலவீனமானது முதலில் காலியாகி, மற்றவை அதைத் தலைகீழாக ஓட்டி, அது சூடாகும். அதோடு, லேப்டாப் செல் அதிக ஆம்பியருக்காகச் செய்ததே இல்லை.

எங்கே சார்ஜ் போடுவது?

படுக்கும் அறையில் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழும் வேண்டாம், வாசலுக்குப் போகும் வழியிலும் வேண்டாம். தீப்பிடித்தால் நீங்கள் தப்பிக்கும் வழியை அது மறிக்கக்கூடாது. சிமென்ட் தரை, பக்கத்தில் சாக்கு, ஓலை, பெட்ரோல் கேன் இல்லாத இடம். எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் ஓட விடாதீர்கள்.

இறக்கத்தில் ரீஜென் இருந்தால் பிரேக் பேட் தேயாதாமே?

உள்ளே கியர் இல்லாத நேரடி ஹப் மோட்டாரில் மட்டும்தான் ரீஜென் வரும். மிட் டிரைவிலும் கியர் ஹப்பிலும் வராது, உள்ளே ஃப்ரீவீல் இருக்கிறது. இருக்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் ஒரு பொறி உண்டு. பூப்பாறையிலோ போடிமெட்டிலோ டீக்கடையில் உட்கார்ந்து பேட்டரியை முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு இறங்க ஆரம்பிக்கிறீர்கள். பேட்டரியில் இடமில்லை. ரீஜென் அதற்குள் மின்சாரத்தைத் திணிக்கப் பார்க்கும், பிஎம்எஸ் வெட்டிவிடும். அதுவரை வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த இழுவை ஒரு நொடியில் காணாமல் போகும். வளைவுக்குள் நுழையும்போது அது நடந்தால்? அதோடு, வெட்டிய நேரத்தில் எகிறும் வோல்ட் கன்ட்ரோலரையும் எரிக்கலாம். மேலே சார்ஜ் போட்டால் எண்பது சதவீதத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ரீஜென் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு பாரத்தையும் தாங்கும் பிரேக் வேண்டும். ஏறும்போது போட்ட அந்த 300 வாட் அவர் இறங்கும்போது வெளியே வந்தாக வேண்டும், அதில் பெரும்பங்கு டிஸ்க்கில் சூடாக. ஹைட்ராலிக் டிஸ்க், ஃபோர்க் தாங்குமானால் 203 மில்லிமீட்டர் ரோட்டர், சின்டர்டு பேட். பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆற விடுங்கள். மினரல் ஆயில் பிரேக்கில் கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் உப்பிப் பழுதாகும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

சமவெளியில் எவ்வளவு வேகம் வரும்?

காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. 25இல் போக சக்கரத்தில் சுமார் 200 வாட் போதும். 50இல் போக ஆயிரத்தைத் தாண்டும். ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் எதிர்காற்றில் போனால் 25ஏ 40 மாதிரி இழுக்கும்.

இன்னொரு அளவும் மனதில் இருக்கட்டும். டிவிஎஸ் எக்ஸ்எல் 100இன் எஞ்சின் சுமார் 3.2 கிலோவாட். 3000 வாட் கிட் பூட்டினால் எக்ஸ்எல்லின் சக்தி சைக்கிள் ஃபோர்க்கிலும் சைக்கிள் ஸ்போக்கிலும் ஓடுகிறது. எக்ஸ்எல் அந்தச் சக்திக்காகவே செய்த வண்டி. பதிவும் இன்சூரன்ஸும் உண்டு, மூட்டையும் ஏற்றலாம். வேகமும் பாரமும் இரண்டும் வேண்டும் என்பவர் மொபெட்டோ, பதிவான மின்ஸ்கூட்டரோ வாங்குவதுதான் நல்லது.

மழையில் ஓட்டலாமா?

ஓட்டாமல் இருக்க முடியாதே, ஜூனில் ஆரம்பித்தால் மேலே விடாது பெய்யும். வயர்கள் ஹப்புக்குள் போவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறும்படி வளைத்துவிடுங்கள். தண்ணீர் வயரோடு உள்ளே ஓடாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கனெக்டர்களில் டைஎலக்ட்ரிக் கிரீஸ். கன்ட்ரோலரின் வயர் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். பவர் வாஷ் அடிக்கக் கொடுக்கவே கூடாது.

ராத்திரியில் மெட்டு ஏறலாமா?

வேண்டாம். சத்தமில்லாத வண்டி யானைக்குப் பக்கத்தில் போய்விடும் வரை அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஜீப் வரும் சத்தத்தில் யானை ஒதுங்க நேரம் கிடைக்கும். சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டம் எப்போதும் உண்டு. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்ததை நாம் பார்த்தோம். பகலிலும் வளைவுகளில் மணி அடித்துக்கொண்டே போங்கள்.

பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், பள்ளிக்கூடம் போகக் கேட்கிறான்.

250 வாட், 25 வேகம், பெடல் அசிஸ்ட் என்றால் அது சைக்கிள், தாராளமாகக் கொடுங்கள். ஹெல்மெட்டோடு. அதற்கு மேல் என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவு பெற்றோரைப் பிடிக்கும்: 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும்.

மூணாறில் தங்கினால் ஜனவரிக் குளிரில் சார்ஜ் போடலாமா?

அங்கே சில விடியற்காலைகளில் பூஜ்ஜியத்தைத் தொடும். லித்தியம் செல்லைப் பூஜ்ஜியத்துக்குக் கீழ் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும்; அது திரும்பாது, பின்னால் ஷார்ட் ஆகவும் வழி வைக்கும். ஓட்டுவதில் தொந்தரவு இல்லை, கொஞ்சம் தூரம் குறையும், அவ்வளவுதான். ராத்திரி வண்டியை வெளியே விட்டாலும் பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்துப் போய்விடுங்கள், வெயில் வந்தபின் சார்ஜ் போடுங்கள்.